பள்ளிக்கூடம் மாறிய கதை — 8: எட்டு வயது உபாத்தியாயர்

ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753-ஆம் ஆண்டு ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்து, வர்ஜீனியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருள் சேர்த்து, தாயகம் திரும்புகையில் கப்பல் உடைந்தும் உயிர் தப்பி, அதன் பின் குருப்பட்டம் பெற்ற ஆண்ட்ரூ பெல், 1787-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையில் வந்து இறங்கியதைச் சென்ற வாரம் கண்டோம். கல்கத்தாவை நினைத்துப் புறப்பட்டவரைச் சென்னை நிறுத்திக்கொண்டது. கம்பெனிப் படையின் பல பிரிவுகளுக்கு ஒரே சமயத்தில் குருவாக நியமனம் பெற்று, ஓய்வு நேரங்களில் இயற்கை விஞ்ஞானப் பிரசங்கங்கள் செய்து, நல்ல வருமானத்தோடும் நகரத்துப் பெரிய மனிதர்களின் சிநேகத்தோடும் அவர் வாழ்ந்து வந்தார்.

அந்த வாழ்வு அப்படியே நீடித்திருக்குமானால், செல்வத்தோடு ஊர் திரும்பிய கம்பெனிக் காலத்துப் பாதிரிமாரில் ஒருவராக அவர் மறக்கப்பட்டிருப்பார். அவருடைய பெயரைச் சரித்திரத்தில் நிறுத்தியவை ஒரு பிடி மணலும் ஒரு சிறுவனுமே.

கொத்தளத்துப் பிள்ளைகள்

மைசூர்ப் போர்களில் மடிந்தும், வெப்ப தேசத்து நோய்களுக்கு இரையாகியும், சேவை முடிந்து கப்பலேறியும் கம்பெனியின் ஐரோப்பியப் போர்வீரர்கள் மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில், இந்நாட்டுத் தாய்மாரின் வயிற்றில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பலர் ஆதரவின்றி நின்றனர். 1787-இல், கவர்னர் சர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல்லின் மனைவியார் முன்னின்று, பெண் குழந்தைகளுக்காக ஓர் அனாதாசிரமம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து 1789-இல், ஆண் பிள்ளைகளுக்கென்று இன்னொன்று எழும்பூரில் தொடங்கப்பட்டது.

அதற்குக் கிடைத்த இடம், ஒரு காலத்தில் நகரத்தின் காவலுக்காகக் கட்டிய எழும்பூர்க் கொத்தளம். இன்று ரயில் நிலையத்தின் இரைச்சல் ஓயாத வட்டாரத்தில், தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே, பீரங்கிகள் நின்ற மதில்களுக்குள் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர்.

அந்த ஆசிரமத்தின் மேற்பார்வையை ஏற்கும்படி பெல்லை வேண்டியபோது, அவர் ஏற்றுக்கொண்டார். அதற்கென்று வகுத்த சம்பளத்தை மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பொருள் சேர்ப்பதில் அசிரத்தை இல்லாத ஒருவர், ஒரு வேலைக்கு மட்டும் கூலி வாங்க மறுக்கிறார் என்றால், அந்த வேலையில் அவர் வேறொரு லாபத்தைக் கண்டிருக்க வேண்டும். மனிதனைப் புதிதாகச் செய்து பார்க்க இங்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பதே அவர் கண்ட லாபம். அந்தப் பிள்ளைகள் தங்கள் தாய்மாரிடமிருந்து பெற்ற பழக்கங்களெல்லாம் தீயவை என்னும் துவேஷம், அக்காலத்து ஐரோப்பியர் பலரிடம் இருந்ததைப் போலவே அவரிடமும் இருந்தது. பிள்ளைகள்மேல் கருணை கொண்டவரே அவர்களுடைய தாய்மாரை இகழவும் செய்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கருணையையும் அந்த இகழ்ச்சியையும் சேர்த்தே அவருடைய பிரயத்தனத்தை மதிப்பிட வேண்டும்.

வளர்ந்தவர்களின் தோல்வி

பள்ளி நடந்தது, படிப்பு நடக்கவில்லை. எழுத்து வகுப்பில் அமர்ந்த சிறுவர்கள், மாதங்கள் கழிந்தும் அகரவரிசையைத் தாண்டாமல் இருந்தனர். அச்சிட்ட எழுத்தைப் புத்தகத்தில் காட்டுவதும், அதன் பெயரைச் சொல்வதும், சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி அதட்டுவதும், சொல்லாதவனைத் தண்டிப்பதுமே போதனையாக இருந்தது. கண்ணுக்கு மட்டுமே வேலை. கை சும்மா கிடந்தது. முறை வரும்வரையில் காத்திருக்கும் சிறுவனுக்குத் தூக்கத்தையும் சேஷ்டையையும் தவிர வேறு தொழில் இல்லை.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் மந்தமே என்று உபாத்தியாயர்கள் சொன்னார்கள். பெல் அதை நம்பவில்லை. ஒரு வகுப்பு முழுவதும் சிரத்தையற்று இருக்கிறது என்றால் குற்றம் வகுப்பினுடையது அன்று, அதை நடத்துகிறவனுடையது என்னும் முடிவுக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார். அக்காலத்தில் இது சாமானியமான முடிவு அன்று. பிரம்பு கல்வியின் ஒரு பகுதி என்று கிழக்கிலும் மேற்கிலும் ஒருமனதாக நம்பிய யுகம் அது.

உபாத்தியாயர்களை மாற்றுவதும் எளிதாக இல்லை. ஆசிரமம் கொடுத்த சம்பளம் சொற்பம், ஒருவனைப் பிடித்துப் பழக்கி, தமது முறைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வேளையில், கம்பெனி நகரத்தில் அதைவிட அதிக ஊதியம் தரும் உத்தியோகம் ஒன்று அவனுக்குக் கிடைத்துவிடும், அவன் போய்விடுவான். போகாமல் நின்றவர்களோ, தங்கள் பழைய வழியை விட்டு ஓர் அங்குலமும் அசைய மறுத்தவர்கள்.

இந்த நிலையில் ஒரு நாள் காலை, பெல் வழக்கம்போல் குதிரையேறி உலாவப் புறப்பட்டார்.

வழியில் கண்ட பள்ளி

அவருடைய கண்ணில் பட்டது ஒரு திண்ணைப் பள்ளி. மலபார் பள்ளி என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதிவைத்தது இந்தத் தமிழ்ப் பள்ளிகளைத்தான்.

தரையில் வரிசையாகச் சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவன் முன்னும் மணல் பரப்பியிருந்தது. எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே, விரலால் அதன் வடிவத்தை மணலில் எழுதினார்கள், எழுதியதைக் கையால் தடவி அழித்தார்கள், மறுபடியும் எழுதினார்கள். விஜயதசமியன்று அரிசியில் முதலெழுத்து எழுதி, பின்னர் மாதக்கணக்கில் மணலில் பழகி, விரல் திருந்திய பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவது என்னும் கிரமம், நம் முன்னோர்களுக்குச் சூரியன் உதிப்பதைப் போல இயல்பாகத் தோன்றியது. ஆகையால் அதைப் பற்றி ஒருவரும் வியந்து எழுதவில்லை.

பெல் வியந்தார். கண்டுகொண்டேன் என்னும் ஆர்க்கிமிடீஸின் சொல்லைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லியபடி அவர் குதிரையை வீட்டை நோக்கித் திருப்பியதாக, அவருடைய சரித்திரத்தை எழுதத் தொடங்கிய கவிஞர் ராபர்ட் சதே குறிக்கிறார்.

அவர் கண்டுகொண்டது என்ன? முதலாவது, கண்ணும் செவியும் நாவும் கையும் ஒரே எழுத்தின்மேல் ஒரே கணத்தில் வேலை செய்தன. இரண்டாவது, முறைக்காகக் காத்திருப்பவன் அங்கே ஒருவனும் இல்லை. அத்தனை பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, கடல் கடந்து வரவேண்டிய காகிதமும் மையும் செலவாகவில்லை. நான்காவது, இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது: மணலில் செய்த பிழைக்குத் தழும்பு இல்லை. காகிதத்தில் தவறு செய்த சிறுவனுடைய குற்றம், உபாத்தியாயர் வரும்வரை அங்கேயே கிடந்து அவனைக் காட்டிக்கொடுக்கும். மணலோ ஒரு தடவலில் அவனை மன்னித்துவிடும். தவறுவதற்கு அஞ்சாத பிள்ளை விரைவாகக் கற்கும் என்னும் சத்தியத்தைப் பிற்காலத்துக் கல்வி சாஸ்திரிகள் பெரிய கிரந்தங்களில் விவரித்தார்கள். திண்ணைப் பள்ளியின் மணல் அதைப் பேசாமல் நடத்திக்கொண்டிருந்தது.

முடியாது என்ற பதில்

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் பெல் உத்தரவிட்டார்: கீழ் வகுப்புச் சிறுவர்களுக்கு, பலகையின்மேல் மணலைப் பரப்பி, அதில் எழுதச் செய்து அகரவரிசையைக் கற்பிக்க வேண்டும்.

அந்த வகுப்பின் உபாத்தியாயர் உத்தரவைக் கேட்டுக்கொண்டார், நிறைவேற்றவில்லை. பெல் வற்புறுத்தினார். உபாத்தியாயர் அரைமனத்தோடு செய்து பார்த்துவிட்டு, இந்த முறையில் கற்பிப்பது முடியாத காரியம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

இந்த மறுப்பின் உள்ளே புகுந்து பார்ப்பது நமக்கு நல்லது. அந்த மனிதர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. தாம் கற்ற விதத்தில் கற்பித்தார். அந்த விதத்தில் தமக்குள்ள தேர்ச்சியே தமது ஜீவனோபாயம் என்று அறிந்திருந்தார். அது போதாதென்று, தெருத் திண்ணையில் அரை ஆடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஐரோப்பியப் பள்ளியொன்று பாடம் கற்பதாவது என்னும் அவமான உணர்ச்சியும் அவருக்குள் எழுந்திருக்கலாம். புதிய முறைகள் பெரும்பாலும் எதிர்வாதத்தினால் தோற்பதில்லை. செய்து பார்த்துவிட்டேன், பலிக்கவில்லை என்னும் சோர்ந்த வாக்கியத்தினாலேயே தோற்கின்றன.

பெல்லுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உத்தரவைத் திரும்பப் பெறலாம். அல்லது உபாத்தியாயரை நீக்கிவிட்டு, அவரைப் போன்ற இன்னொருவரை அதே சொற்பச் சம்பளத்துக்குத் தேடலாம்.

அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்.

ஜான் ஃபிரிஸ்கென்

மேல் வகுப்பொன்றில் ஜான் ஃபிரிஸ்கென் என்னும் சிறுவன் படித்துக்கொண்டிருந்தான். சாதாரணப் போர்வீரன் ஒருவனின் மகன். வயது எட்டு.

அவனை அழைத்து, எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்து, மணலில் எழுதிக் கற்பிக்க வேண்டிய விதத்தைச் சொல்லி, இவ்வகுப்பு தேறினால் அந்தப் பெருமை உன்னுடையது என்று உணர்த்தி, பெல் விலகி நின்றார்.

அந்தச் சிறுவனுக்கு விட்டுக்கொடுக்கப் பழைய முறை ஒன்றும் இல்லை. காப்பாற்றிக்கொள்ள உத்தியோக கௌரவமும் இல்லை. சொன்னபடி செய்தான். உபாத்தியாயருக்கு முடியாமற்போன காரியம் அவனுக்கு முடிந்தது. எழுத்துகளை அறியாமல் பல மாதங்கள் கழித்த வகுப்பு அவனுடைய விரலைப் பார்த்து எழுதத் தொடங்கியது. எழுதி, சொல்லி, தேறியது.

காரணம் என்ன? வளர்ந்தவனுக்கு எழுத்து தெரியும். ஆனால் எழுத்து தெரியாமல் இருந்த நிலை அவனுக்கு மறந்துபோயிருக்கும். எந்த இரண்டு எழுத்துகள் ஒன்றுபோல் தோன்றி மயக்கும், எந்த வளைவில் விரல் தடுமாறும், எந்த இடத்தில் அழுகை வரும் என்பதெல்லாம் நேற்றுத்தான் அந்த வழியாக வந்த சிறுவனுக்கு ஞாபகம் இருக்கும். ஆற்றைக் கடந்து பல வருஷமானவனைவிட, இப்பொழுதுதான் ஈரத் துணியோடு கரையேறியவனுக்கே பள்ளம் எங்கே என்பது தெரியும்.

இதனோடு இன்னொரு அதிசயமும் சேர்ந்தது. கற்பித்தவனும் கற்றான். நாளை பிறனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்னும் பொறுப்பு வந்த கணத்தில், இன்று அரைகுறையாகத் தெரிந்ததை முழுமையாகத் தெரிந்துகொள்ளும் அவசியம் வந்தது.

பெல் இவ்வளவையும் கவனித்தார். எழுத்து வகுப்போடு அவர் நிற்கவில்லை. அடுத்த வகுப்புக்கும், அதற்கு மேற்பட்டதற்கும் சிறுவர்களையே நியமித்தார். ஃபிரிஸ்கெனின் பொறுப்பு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில், தன்னிலும் இளைய உதவியாளர்களோடு ஏறத்தாழ 90 பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் அளவுக்கு வந்தது. வளர்ந்த உபாத்தியாயர்களுக்குப் போதிக்கும் வேலை குறைந்து, பிள்ளைகளின் பொது நடத்தையையும் அன்றாட ஒழுங்கையும் மேற்பார்ப்பதே தொழிலாயிற்று.

தானே தன்னைக் கற்பிக்கும் பள்ளி

இப்படி உருவான அமைப்பு மிகவும் ஒழுங்கானது. ஒரே அளவு தேறியவர்கள் ஒரு வகுப்பு. ஒரு வகுப்பில் 24 சிறுவர்கள் இருந்தால், அவர்களில் மேலான 12 பேர் மற்ற 12 பேருக்கு ஆசான்கள்; ஒவ்வொரு ஆசானும் தன் சீடனின் பக்கத்திலேயே உட்காருவான். அந்த வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியன், அவனுக்கு மேல் ஓர் ஆசிரியன், இவர்களும் சிறுவர்களே. அதற்கு மேல்தான் வளர்ந்த உபாத்தியாயர்களும், தலைமை ஆசிரியரும், எல்லார்க்கும் மேலாகப் பெல்லும்.

இடம் நிலையானது அன்று. பிழை செய்தவன் ஓரிடம் கீழே இறங்குவான். திருத்தியவன் ஓரிடம் மேலே ஏறுவான். தன் வகுப்பில் எப்பொழுதும் முன்னிற்பவன் மேல் வகுப்புக்குப் போவான். அங்கே தாக்குப்பிடிக்காதவன் திரும்பி வருவான். பாடம் சிறிதாக இருக்கும்; ஆனால் அது முற்றும் வசமான பிறகே அடுத்த பாடம். அன்றன்று படித்தது பதிவேட்டில் ஏறும்.

தண்டனையிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. குற்றங்களைக் குறித்துவைக்கக் கறுப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை அது கூட்டத்தின் முன் வாசிக்கப்படும். சிறுவர்களிலிருந்தே தேர்ந்த பஞ்சாயத்தார் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். திண்ணைப் பள்ளியின் மணலை எடுத்துக்கொண்ட பெல், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் அதன் கோதண்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அவருடைய புகழுக்காகச் சொல்ல வேண்டும்.

இந்த ஆசிரமத்தின் பெயர் வெளியே பரவ ஒரு சந்தர்ப்பமும் வாய்த்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் இரண்டு குமாரர்களை, 1794-இல் தந்தையிடம் ஒப்படைக்கக் கேப்டன் டவ்டன் தலைமையில் ஒரு தூதுக்குழு புறப்பட்டது. அக்குழுவோடு, விஞ்ஞானக் கருவிகளை எடுத்துக்கொண்டு, எழும்பூரில் படித்த வில்லியம் ஸ்மித் என்னும் 17 வயது இளைஞன் போனான். கம்பெனியை அஞ்சவைத்த மைசூர் வேந்தரின் சபையில் நின்று அவன் பரிசோதனைகளைச் செய்துகாட்ட, புதிய கருவிகளில் தீராத ஆவல் கொண்டிருந்த திப்பு அவற்றைச் சிரத்தையோடு பார்த்ததாக, ஸ்மித் தன் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. தந்தையில்லாப் பிள்ளையென்று கொத்தளத்தில் ஒதுக்கப்பட்டவன் ஓர் அரசருக்கு விஞ்ஞானம் விளக்கினான்.

பார்த்ததும் பாராததும்

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் இந்தத் தொடரின் மையத்தில் உள்ள விவாதம் இங்கேதான் தொடங்குகிறது.

மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டதாகப் பெல் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் சிறுவனைக் கொண்டு சிறுவனுக்குக் கற்பிப்பது தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றும், ஃபிரிஸ்கெனிடம் வகுப்பை ஒப்படைத்த நாளிலேயே அது பிறந்தது என்றும் கடைசிவரையில் சாதித்தார்.

திண்ணைப் பள்ளியை அறிந்த எவரும் இதைக் கேட்டுப் புன்முறுவல் செய்வர். அங்கே சட்டாம்பிள்ளை இல்லாமல் ஒரு நாளும் பள்ளி நடந்ததில்லை. வாத்தியார் வருமுன்பே பிள்ளைகளை உட்காரவைப்பதும், எண்சுவடியை முறைவைத்துச் சொல்லச் செய்வதும், சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுதிக்காட்டுவதும் அவனுடைய தொழில். அந்தக் காலைப் பொழுதில் பெல் மணலைக் கண்டார். மணலுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தால், அவனைக் காணவில்லையா?

நான்காம் பகுதியில் சொன்ன ஒரு காட்சியை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். பெல் சென்னைக்கு வருவதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே, 1623-இல், இக்கேரி நாட்டில் ஒரு கோயிலின் முகப்பில் நான்கு சிறுவர்கள் வாத்தியார் இல்லாமல், பாட்டாகச் சொல்லியபடி மணலில் எழுதிக் கணக்குப் படித்துக்கொண்டிருந்ததை இத்தாலிய யாத்திரிகர் பியத்ரோ டெல்லா வாலே கண்டார். சந்தேகம் வந்தால் தீர்ப்பவர் யார் என்று அவர் கேட்டதற்கு, ஒரே சந்தேகம் நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் வராது என்று பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பெல்லின் சித்தாந்தம் முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.

பிற்காலத்தில் கம்பெனியின் அதிகாரிகளே இதைக் கண்டு எழுதினார்கள். கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822-இல் உத்தரவிட்டபோது, பல்லாரி ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஏ. டி. காம்ப்பெல் மறு வருஷம் அனுப்பிய அறிக்கையில், சுதேசிப் பள்ளிகளில் எழுத்துப் பழக்கும் சிக்கனத்தையும், தேறிய பிள்ளைகளைக் கொண்டு தேறாதவர்களுக்குக் கற்பித்து அதனால் தேறியவர்களுடைய அறிவையும் உறுதிப்படுத்தும் வழக்கத்தையும் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று குறித்தார்.

ஆனாலும், பெல் களவு செய்தார் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை வாத்தியாரின் வலக்கை. எழும்பூரில் அவன் வாத்தியாரின் ஸ்தானத்துக்கே வந்துவிட்டான். முன்னது வழக்கம், பின்னது திட்டம். வழக்கமாக இருந்தவரையில் அது அந்தப் பள்ளியோடு நின்றது. வகுப்பு, இணை, பதிவேடு, இடமாற்றம் என்று பிரித்து எழுதப்பட்டு அது திட்டமானபோது, கப்பலேறிப் போகக்கூடியதாயிற்று.

அப்படிப் போனபோது, அதற்குள் ஒன்றன்று, இரண்டு கருத்துகள் மறைந்து சென்றன. கற்பிப்பதனாலேயே குழந்தை நன்றாகக் கற்கிறது என்பது ஒன்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஓர் உபாத்தியாயரின் சம்பளம் போதும் என்பது மற்றொன்று. முதலாவது குழந்தையைப் பற்றியது. இரண்டாவது செலவைப் பற்றியது. எழும்பூர் மதில்களுக்குள், ஒரே மனிதருடைய நேரான கண்காணிப்பில், இவ்விரண்டும் முரணின்றி வாழ்ந்தன.

லண்டனில் ஒரு சிறு புத்தகம்

சென்னையின் வெயிலில் உடல் நலிந்த பெல், 1796 ஆகஸ்டில் கப்பலேறினார். மறு வருஷம் லண்டன் சேர்ந்த அவர், ஆசிரம நிர்வாகிகளுக்குத் தாம் எழுதியிருந்த அறிக்கையை, சென்னை ஆசிரமத்தில் செய்த கல்விப் பரிசோதனை என்னும் பொருள்பட்ட தலைப்பில், 1797 அக்டோபரில் சிறு புத்தகமாக வெளியிட்டார். ஆசிரியரின் அல்லது பெற்றோரின் மேற்பார்வையில் ஒரு பள்ளியோ குடும்பமோ தன்னைத் தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்று அதன் நீண்ட தலைப்பிலேயே விளக்கமும் இருந்தது. பைத்தியக்கார உற்சாகம் என்று நீங்கள் எண்ணினாலும், நாம் ஆயிரம் வருஷம் உயிரோடிருந்தால் இம்முறை உலகமெங்கும் பரவக் காண்போம் என்று தம் பதிப்பாளரிடம் அவர் சொல்லிவைத்தார்.

உலகம் பரபரப்படையவில்லை. 1798-இல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் உள்ள செயின்ட் பாட்டால்ஃப் தர்மப் பள்ளி அம்முறையை ஏற்றது. மறு வருஷம் வடக்கே கெண்டல் நகரத்துப் பள்ளி ஒன்று ஏற்றது. பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்ச்சியில் இருந்த இங்கிலாந்தின் மேன்மக்கள் பலர், ஏழைக்கு எழுத்தறிவு கொடுப்பது கலகத்துக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று அஞ்சினார்கள். மற்றொருபுறம், ஆலைகள் பெருகிய நகரங்களில் எழுத்தறியாப் பிள்ளைகளின் கூட்டம் பெருகிக்கொண்டே இருந்தது. அவர்களுக்குப் பள்ளி வைக்கச் சர்க்காரும் முன்வரவில்லை, தர்மவான்களின் பணமும் போதவில்லை.

அதாவது, மலிவான ஒரு முறைக்காக ஒரு தேசமே, தான் அறியாமல், காத்திருந்தது.

பெல் 1801-இல் தென்கரையிலுள்ள ஸ்வானேஜ் என்னும் சிற்றூருக்குத் திருச்சபைக் குருவாகப் போனார். தம் மக்களுக்கு அம்மை குத்துவதில் ஊக்கம் காட்டி, ஊர்ப் பள்ளியில் தமது முறையைப் புகுத்தி அமைதியாக வாழ்ந்தார். கதை இங்கேயே முடிந்துவிடும்போல் தோன்றியது.

சவத்தர்க்கிலிருந்து வந்தவர்

ஆனால், எழும்பூர்ப் புத்தகம் வெளிவந்த மறு வருஷம், லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே சவத்தர்க் என்னும் ஏழைகளின் பேட்டையில், இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞர் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

ஜோசப் லாங்காஸ்டர் என்பது அவர் பெயர். சல்லடை செய்து பிழைத்த முன்னாள் போர்வீரர் ஒருவரின் மகன். பதினான்காம் வயதில், ஜமைக்காவின் கறுப்பு மக்களுக்கு வேதம் கற்பிக்க வேண்டுமென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பிரிஸ்டல்வரை நடந்தே போய், கடற்படையில் சேர்ந்து, சிநேகிதர்கள் உதவியால் மீண்டு வந்தவர். அரசாங்கத் திருச்சபையை ஏற்காத குவேக்கர் சமயத்தைத் தழுவியவர். விரும்புவோர் எல்லாரும் பிள்ளைகளை அனுப்பலாம், இலவசக் கல்வி வேண்டாதவர் பணம் கொடுக்கலாம் என்று அவர் எழுதித் தொங்கவிட்ட பலகையைப் பார்த்து, பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தார்கள்.

உதவி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. பெல்லுக்கு வாய்த்தது உபாத்தியாயரின் பிடிவாதம். லாங்காஸ்டருக்கு வாய்த்தது வறுமை. இரண்டும் ஒரே இடத்துக்கு வழிகாட்டின. தேறிய சிறுவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1803-இல் அவர் தம் முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டபோது, பெல்லின் புத்தகத்தில் பயனுள்ள குறிப்புகள் பல கண்டதாக மனமுவந்து எழுதினார்.

1804-ஆம் ஆண்டின் இறுதியில், அந்த இளைஞர் லண்டனிலிருந்து புறப்பட்டு, சென்னை முறையின் தந்தையைத் தரிசிக்க ஸ்வானேஜுக்கு வந்தார். பெல்லுக்கு வயது ஐம்பத்தொன்று, வந்தவருக்கு இருபத்தாறு. ஒருவர் அரசாங்கத் திருச்சபையின் குரு. மற்றவர் அந்தச் சபைக்குப் புறம்பானவர். ஒருவருடைய பள்ளிப் பிள்ளைகள் சபையின் ஞானோபதேசத்தை மனனம் செய்தார்கள். மற்றவருடைய பிள்ளைகள் எந்தச் சபையின் உபதேசமும் இன்றி வேதத்தை மட்டும் வாசித்தார்கள். ஆயினும் பெல் அவரை அன்போடு வரவேற்றார். இருவரும் சிநேகத்தோடு பேசினார்கள். பகைமையின் நிழல்கூட அங்கே இல்லை.

அடுத்த சில ஆண்டுகளுக்குள், இவ்விருவருடைய பெயரையும் கொடிகளாகப் பிடித்துக்கொண்டு, குருமாரும் பிரபுக்களும் கவிஞர்களும் இங்கிலாந்தை இரண்டு முகாம்களாகப் பிரித்துவிட்டார்கள். மணலில் எழுதிய சிறுவனின் விரலைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. முறையைக் கண்டுபிடித்தவர் யார், அதை நடத்தும் உரிமை எந்தச் சபைக்கு, ஏழைப் பிள்ளை தன் முதல் எழுத்தோடு சேர்த்து யாருடைய மதத்தைக் கற்க வேண்டும் என்பவையே பேச்சாயின. ஸ்வானேஜில் நண்பர்களாகக் கைகுலுக்கிய இருவரையும் பகைவர்களாக்கியது எது? அந்தப் பகையில், குழந்தையைப் பற்றிய கருத்து பிழைத்ததா, அல்லது செலவைப் பற்றிய கருத்து மட்டுமே எஞ்சியதா?

(அடுத்த வாரம்: திருச்சபையும் குவேக்கரும்)